மூக்கின் வழியே ஓர் ஆபரேஷன்



உங்களிடம் ஒரு கேள்வி. நம் முக எலும்புக்குள்ளே எத்தனை காலி அறைகள் இருக்கின்றன தெரியுமா? நான்கு ஜோடி! எலும்புக்குள் குகை மாதிரி, காற்று மட்டும் நிறைந்த அறைகள். இவற்றுக்குத்தான் சைனஸ் என்று பெயர். "எனக்குச் சைனஸ் இருக்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? உண்மையில் சைனஸ் எல்லாருக்கும் இருக்கிறது. அதற்குள் வீக்கம் வந்தால்தான் நோய். அந்த நோய்க்கு சைனசைட்டிஸ் என்று பெயர். நம் ஊர்ப் பக்கம் நீர்க்கோவை, தலைபாரம், பீனிசம் என்று சொல்வதில் பல இதைச் சேர்ந்தவைதான்.

அறைகள் எங்கே இருக்கின்றன?

பக்கத்தில் நான் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள். நெற்றியில் ஒரு ஜோடி. இரண்டு கன்னங்களுக்கு உள்ளே ஒரு ஜோடி, இதுதான் பெரியது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகளின் கூட்டம் ஒரு ஜோடி. மூக்குக்குப் பின்னால் ரொம்ப ஆழத்தில் கடைசி ஜோடி. நம் வயதில் நெற்றி அறை இன்னும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

அறை இருந்தால் வாசல் வேண்டும் அல்லவா? ஒவ்வொரு அறைக்கும் மூக்குக்குள் திறக்கும் வாசல் உண்டு. ஆனால் அது சில மில்லிமீட்டர் அளவுதான். அறையின் சுவரில் எப்போதும் சளி சுரந்துகொண்டே இருக்கும். சளி என்றால் அருவருப்பு வேண்டாம். தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடிப்பது அதுதான். பரமீசியம் பாடத்தில் குறு இழைகள் என்று படித்தோமே, அதே மாதிரி இழைகள் இங்கேயும் இருக்கின்றன. துடைப்பம் மாதிரி அசைந்து அசைந்து சளியை வாசலுக்குத் தள்ளிவிடும். கன்னத்து அறைக்கு வாசல் மேலே இருக்கிறது. அதனால் இழைகள் சளியை மேல்நோக்கி ஏற்றித்தான் வெளியேற்ற வேண்டும். ஆச்சரியமாக இல்லையா?

வாசல் அடைத்தால் என்ன ஆகும்?

ஜலதோஷம், தூசி அலர்ஜி, மூக்கு நடுத்தண்டு வளைந்திருப்பது, மூக்கில் சதை வளர்வது, இப்படிப் பல காரணத்தால் வாசல் வீங்கி மூடிக்கொள்ளும். மேல்வரிசைக் கடைவாய்ப் பல் சொத்தையானால்கூட கன்னத்து அறைக்குச் சீழ் போகலாம். அப்போது சளி உள்ளேயே தங்கிவிடும். சாக்கடையில் அடைப்பு எடுக்காவிட்டால் தெருவெல்லாம் தண்ணீர் நிற்குமே, அதே கதைதான். மூக்கடைப்பு, முகத்தில் பாரம், தொண்டைக்குள் சளி இறங்குவது, வாசனை தெரியாமல் போவது எல்லாம் வரும்.

சாதாரண ஜலதோஷத்தோடு வருவது பெரும்பாலும் பத்து நாளில் தானாகவே சரியாகும். ஆனால் 12 வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அதை நாள்பட்ட சைனசைட்டிஸ் என்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதை

இதையெல்லாம் நான் ஏன் தெரிந்துகொண்டேன் என்றால், எங்க அம்மாவுக்கு இந்த நோய் இருந்தது. அம்மா ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறாங்க. அங்கே எந்நேரமும் உமித் தூசி. முன்னெல்லாம் குழம்பு கொதிக்கும்போது வாசம் பிடித்தே "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிடுவாங்க. அப்புறம் இரண்டு வருஷமாக எந்த வாசமும் தெரியவில்லை. பால் தீய்ந்தாலும் தெரியாது. ஒருநாள் கேஸ் அடுப்பை யாரோ சரியாக மூடவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு இருந்தாங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்த தம்பிதான் வாசலிலேயே "கேஸ் நாத்தம்" என்று கத்தினான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மூக்கு வேலை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

அதுவரை அப்பத்தா நெற்றியில் பத்து போட்டாங்க, நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னாங்க. அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், மறுபடி அடைக்கும். மெடிக்கல் கடையில் வாங்கிய மூக்கடைப்புச் சொட்டு மருந்தை அம்மா மாதக்கணக்கில் விட்டாங்க. அந்த மாதிரி மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து விட்டால் மூக்கு இன்னும் அதிகமாக அடைக்குமாம். அரசு மருத்துவமனை டாக்டரம்மா சொன்னபோதுதான் தெரிந்தது.

உடனே ஆபரேஷனா? இல்லை!

டாக்டரம்மா முதலில் ஆபரேஷன் பேச்சே எடுக்கவில்லை. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்தாங்க. தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னாங்க. நிறையப் பேருக்கு இதிலேயே குணமாகிவிடும். சில மாதம் பார்த்தும் அம்மாவுக்குச் சரியாகவில்லை. பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் திராட்சைக் குலை மாதிரி சதை வளர்ந்து வாசலை அடைத்திருந்தது. இது புற்றுநோய்க் கட்டி இல்லை, வீங்கிய சவ்வுதான் என்று விளக்கினாங்க. அதன் பிறகுதான் எண்டோஸ்கோப் ஆபரேஷன் என்று முடிவானது.

இந்த முறை எப்படி வந்தது?

பழைய காலத்தில் மேல் உதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே ஈறை வெட்டி, கன்னத்து எலும்பில் துளை போட்டுச் சீழை எடுப்பார்கள். அமெரிக்காவின் கால்டுவெல் 1893-லும், பிரான்சின் லூக் 1897-லும் இதை எழுதினார்கள். அதனால் கால்டுவெல்-லூக் ஆபரேஷன் என்று பெயர்.

பிறகு மாற்றம் வந்தது ஒரு இயற்பியல் விஞ்ஞானியால். இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஹெரால்டு ஹாப்கின்ஸ், 1959-இல் புது வகைக் குழல் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுவரை குழலுக்குள் சின்ன லென்சுகளை இடைவெளி விட்டு வைத்தார்கள். இவர் அந்த இடைவெளியில் நீளமான கண்ணாடித் தண்டுகளை வைத்தார். படம் அதிக வெளிச்சமாகவும் தெளிவாகவும் தெரிந்தது. 'ஒளி' பாடம் எதற்கு என்று கேட்பவர்களே, பார்த்தீர்களா?

ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற டாக்டர், இந்தக் குழலால் மூக்குக்குள் பார்த்து, சளி எந்த வழியில் போகிறது என்று ஆராய்ந்தார். வாசல் அடைப்பை மட்டும் எடுத்தால் போதும், உள்ளே இருக்கும் சவ்வு தானே குணமாகும் என்று கண்டார். அவருடைய மாணவர் ஸ்டாம்பர்கரும், அமெரிக்காவின் கென்னடியும் 1980-களில் இதை உலகம் முழுக்கப் பரப்பினார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்?

மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், வலி தெரியாது. எண்டோஸ்கோப் குழல் 4 மில்லிமீட்டர் கனம்தான், நம் பென்சிலைவிட மெலிசு. மூக்குத் துவாரம் வழியாக உள்ளே விட்டு, டி.வி. திரையில் பார்த்துக்கொண்டே சின்னக் கருவிகளால் சதையை எடுத்து வாசலைப் பெரிதாக்குவார்கள். முகத்தில் வெட்டு இல்லை, தையல் தழும்பு இல்லை. அம்மா மறுநாளே வீட்டுக்கு வந்துட்டாங்க.

"கண்ணு போயிடும்" என்பது உண்மையா?

எங்க அப்பத்தா இதைச் சொல்லித்தான் மூன்று நாள் அழுதாங்க. நான் டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவங்க ஒளிக்காமல் சொன்னாங்க: "கண்ணுக்கும் சைனசுக்கும் நடுவே இருக்கிற எலும்பு காகிதம் மாதிரி மெலிசு. மேலே மூளை. அதனால் ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கண்ணில் அடிபடுவது, மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவது, அதிக ரத்தப்போக்கு எல்லாம் நடக்கலாம். ஆனா ரொம்ப அபூர்வம். அதுக்குத்தான் ஸ்கேனை வரைபடம் மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்றோம்." பொய்யாகத் தைரியம் சொல்லாமல் உண்மையைச் சொன்னதால்தான் அப்பத்தாவே சம்மதிச்சாங்க.

அதற்குப் பிறகு கவனிக்க வேண்டியவை

1. டாக்டர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.
2. கனமான குடம், மூட்டை தூக்கக்கூடாது. (தண்ணீர் எடுக்கும் வேலை எனக்கும் தம்பிக்கும்!)
3. தினமும் உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கு ஆபத்து.
4. சொன்ன தேதியில் மறுபடி காட்ட வேண்டும். உள்ளே காய்ந்த பொருக்கை டாக்டர் சுத்தம் செய்வார்.
5. ரத்தம் நிற்காமல் வந்தாலோ, கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டிக்கொண்டே இருந்தாலோ உடனே ஓட வேண்டும்.

ஆபரேஷன் செய்தால் நோய் அடியோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். அலர்ஜியும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்குச் சதை திரும்ப வளரலாம். அதனால் அம்மா இன்னும் ஸ்ப்ரே அடிக்கிறாங்க, மில்லில் மூக்கைத் துணியால் கட்டிக்கிறாங்க. ஒரு மாதம் கழித்துக் கடுகு தாளிக்கும் வாசம் தெரிந்தது. மல்லிகைப் பூ வாசம் இன்னும் தெரியவில்லை. கேஸ் வாசம் தெரிகிறது, இப்போதைக்கு அது போதும் என்கிறாங்க.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை

தலைவலி எல்லாமே சைனஸ் இல்லை. ஒற்றைத் தலைவலியையும் பலர் சைனஸ் என்றே நினைத்துவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளைக் கொதிக்கும் பானை முன்னால் ஆவி பிடிக்க வைக்காதீர்கள், சுட்டுவிடும். உங்கள் வீட்டில் யாருக்காவது மூன்று மாதத்துக்கு மேல் மூக்கடைப்போ, வாசனை தெரியாமலோ இருந்தால், அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நம் அம்மாக்கள் தங்களுக்கு என்றால் "பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்வார்கள். நாம்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும்.



— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி