முதுகு வலிக்குக் கத்திதான் வழியா?

நெகிரி செம்பிலானில் ஒரு பக்கம் போர்ட்டிக்சன், கெமாஸ் இராணுவ முகாம்கள். மறுபக்கம் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். முகாமில் பாரம் சுமந்து ஓய்வு பெற்றவரையும் தோட்டத்தில் 20 கிலோ குலை தூக்கியவரையும் கடைசியில் ஒரே நோய்தான் வாட்டுகிறது. அது முதுகு வலி.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷன் என்பார்கள், கால் விழுந்துவிடும்" என்று பயந்தே பலர் வீட்டில் முடங்குகிறார்கள். இந்தப் பயம் தேவையில்லை. முதுகு வலிக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கத்தி வைத்துச் சரிசெய்யும்படியான கோளாறு எதுவும் இருப்பதில்லை.

அப்படியானால் சிகிச்சை என்ன? உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. பலர் காசு கொடுத்து வாங்கும் இடுப்புப் பெல்ட்டை அது வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை.

அமெரிக்காவில் முன்னாள் இராணுவ வீரர்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 2017-இல் வெளியான ஆய்வில் 150 பேர் பங்கேற்றனர். வாரம் இருமுறை, 12 வாரம் யோகா செய்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அன்றாட வேலைகளில் இருந்த சிரமம் குறைந்திருந்தது. 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஓராண்டு முடிவில், அபின் வகை மாத்திரைகள் வலியைக் குறைப்பதிலோ அன்றாட வேலைகளை எளிதாக்குவதிலோ சாதாரண வலி மாத்திரைகளைவிட மேலாக இல்லை. பக்க விளைவுகள்தான் அதிகம். சாதாரண மாத்திரையும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இனிப்புநீர், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து வலி கூடும். தினமும் பத்து நிமிட நடையில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டலாம். முதலில் சற்று வலித்தால் முதுகு கெட்டுவிட்டது என்று பொருளல்ல.

அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்கள். வேலையில் அடிபட்டிருந்தால் அன்றே மண்டோரிடம் சொல்லிப் பதிய வேண்டும். சொக்சோ சந்தாதாரர்களுக்கு மலாக்காவில் மறுவாழ்வு மையமும் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கால் பலமிழந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப் போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த நேரத்தில் அறுவைச் சிகிச்சைதான் காலைக் காப்பாற்றும். மற்றவர்களுக்கு நடையே மருந்து.