பட்ட மரத்தின் உபகாரம்

நமது வீடுகளில் ‘பட்ட மரம்’ என்பதை மங்களமான சொல்லாக யாரும் கருதுவதில்லை. கதியற்று நிற்பவனைப் “பட்ட மரம் போல் நிற்கிறான்” என்கிறோம். தோட்டத்தில் ஒரு மரம் பட்டுவிட்டால் மறுநாளே கோடரிக்காரனைத் தேடுகிறோம். உயிர் போன மரத்தினால் அடுப்பு எரிவதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை என்பது நமது தீர்மானம். வீட்டுத் தோட்டத்துக்கு இது சரியாக இருக்கலாம். காட்டுக்குச் சரியன்று என்பதை நேயர்களுக்கு எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சில காலத்துக்கு முன் சென்னையிலிருந்து ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தோம். அவ்வூரின் பெயரைச் சொன்னாலே இரும்பு உருக்கும் உலைகளும், புகைபோக்கிகளும், சரக்கு லாரிகளின் வரிசையுமே நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தொழிற்பேட்டையை விட்டு மேற்கே சென்றால் உசிலும், வேம்பும், களாவும், சூரையும் அடர்ந்த காப்புக்காடுகள் இன்னும் இருக்கின்றன. மலைநாட்டு வனங்களைப் போல வானளாவிய மரங்கள் இங்கே கிடையா. வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிப்போன, முள்ளும் புதருமான எளிய காடுகள் இவை.

அத்தகைய காட்டின் ஓரத்தில் பட்டுப்போன வேம்பு ஒன்று நின்றது. பட்டை உரிந்து, உச்சிக் கிளைகள் முறிந்து, நடுமரத்தில் பெரிய பொந்து விழுந்திருந்தது. சற்றுத் தூரத்தில் ஒரு மூதாட்டி சுள்ளி பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். “பாட்டி, இவ்வளவு பெரிய மரம் காய்ந்து நிற்கிறதே, இதை ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று கேட்டோம்.

அவள் நிமிர்ந்து பார்த்து, “அது உள்ள பொந்தாப் போச்சு ஐயா. அடுப்புல வெச்சா பொகதான் வரும். ஆந்த வேற குடியிருக்குது. இருந்துட்டுப் போவட்டுமே!” என்றாள்.

வன சாஸ்திரிகள் வெகுகாலம் ஆராய்ந்து கண்ட முடிவு ஒன்றை அந்த மூதாட்டி நாலு வார்த்தைகளில் சொல்லிவிட்டாள் என்பதை நாம் பிற்பாடுதான் உணர்ந்தோம்.

மரம் உயிர் விட்டதும் அதற்குள் வேறொரு குடித்தனம் ஆரம்பமாகிறது. முதலில் துளைக்கும் வண்டுகள் பட்டைக்குள் புகுகின்றன. அவை இட்ட துவாரங்கள் வழியே ஈரமும் காளான் வித்துக்களும் உள்ளே செல்கின்றன. மரத்துக்கு உறுதியளிக்கும் ‘லிக்னின்’ என்னும் பொருளைக் கரைக்கும் வல்லமை மிகச் சில உயிர்களுக்கே உண்டு. அவற்றுள் தலையாயவை சிலவகைக் காளான்களே. காளான் மென்மையாக்கிய மரத்தைக் கறையான் தின்கிறது. கறையானிலும் ஒரு வகை உண்டு. அது மரத்தூளைப் புற்றுக்குள் கொண்டுபோய், அதன்மேல் காளான் பயிரிட்டு அதை உண்கிறது! மழை பெய்தபின் நம் ஜனங்கள் ஆசையோடு பறித்து வரும் புற்றுக்காளான் அந்தப் பயிரின் பூவே ஆகும். மழை மாலையில் விளக்கைச் சூழும் ஈசலும் அந்தக் கறையானின் இறகு முளைத்த சந்ததிதான்.

இவற்றைத் தேடி மரங்கொத்தியும், அரணையும், உடும்பும் வருகின்றன. பட்ட கிளையின் மெத்தென்ற மரத்தைக் குடைந்து குக்குறுவான் கூடு அமைக்கிறது. தாமாகப் பொந்து குடையும் சக்தியில்லாத ஆந்தையும், கிளியும், மைனாவும் பழைய பொந்துகளில் குடியேறுகின்றன. ஆந்தை வயலில் எலி பிடிக்கிறது. ஆகவே பட்ட மரத்தின் உபகாரம் உழவனுடைய களஞ்சியம் வரை வருகிறது. ஐரோப்பியக் காடுகளில் வாழும் உயிரினங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, வாழ்வின் ஏதாவது ஒரு கட்டத்தில் செத்த மரத்தை நம்பியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

2021-ஆம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியை இங்கே குறிப்பிடவேண்டும். ஆறு கண்டங்களில் 55 காடுகளில் மரத்துண்டுகளை இட்டு, அவை எவ்வளவு வேகமாக மட்குகின்றன என்று அளந்தார்கள். மிதவெப்ப நாடுகளில் வருஷத்துக்கு நூற்றுக்கு 6 பங்கு குறைந்த கட்டை, உஷ்ணப் பிரதேசங்களில் நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. நம்மைப் போன்ற உஷ்ணப் பிரதேசத்தில் விழுந்த மரம் நெடுநாள் நிற்பதில்லை. ஆகையால் பழையது மட்க மட்கப் புதியது கிடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். பத்து வருஷம் காட்டைத் துடைத்து வைத்தால், அதை நம்பிய உயிர்களுக்குப் போக்கிடம் ஏது?

அப்படியிருக்க, ‘துடைத்த காடே நல்ல காடு’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் திருவள்ளூர் வழியாகத்தான் ஓடிற்று. அக்காலத்து எஞ்சின்களுக்கு விறகும் இரையாயிற்று. காடு என்றால் விறகுக் கிடங்கு என்று ஆயிற்று. 1864-இல் இந்திய வன இலாகாவின் முதல் தலைவராக அமர்ந்த பிராண்டிஸ் என்பவர் ஜெர்மானியர். நோயுற்றதையும் பட்டதையும் உடனே அகற்றுவதே முறை என்பது அக்காலத்து ஜெர்மன் வன சாஸ்திரம். 1882-இல் சென்னை மாகாண வனச் சட்டம் பிறந்தது. கடலோரமெங்கும் விறகுக்காகச் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. சவுக்கைச் சில வருஷங்களிலேயே வேரோடு ஒட்ட வெட்டிவிடுவார்கள். அங்கே மரம் முதுமை அடைவதுமில்லை, பட்டு நிற்பதுமில்லை, பொந்தும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஜெர்மானியரே பிற்காலத்தில் மனம் மாறினார்கள். 1983-இல் பவேரிய வனப் பூங்காவில் புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தபோது, அவற்றை அப்படியே கிடக்க விட்டார்கள். சுற்றுப்புறத்தார் கூச்சலிட்டார்கள். ஆயினும் விழுந்த மரங்களுக்கிடையே, நடுவாரின்றி இளங்கன்றுகள் எழுந்தன.

நமது தேசத்திலும் அந்த ஞானம் சட்டமாக வந்தது. நீலகிரி ஜில்லாவின் கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு மனம் பொறாத கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் 1995-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு மனுச் செய்தார். அவ்வழக்கில் 2000-ஆம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி, தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் பட்ட மரங்களையும், காற்றில் விழுந்த மரங்களையும் அகற்ற உத்தரவிடலாகாது என்று நீதிபதிகள் தடை விதித்தார்கள்.

அப்படியானால் சுள்ளி பொறுக்கும் ஏழையின் கதி என்ன என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காட்டில் வாழ்வோருக்குச் சுள்ளியும் அடிக்கட்டையும் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. மேலும் அடுப்புக்கும் காட்டுக்கும் உண்மையில் பெரிய விரோதமில்லை. அடுப்பு வேண்டுவது மெல்லிய, காய்ந்த சுள்ளி. ஆந்தையும் மரங்கொத்தியும் வேண்டுவது பருத்த, பொந்து விழுந்த நடுமரம். புகையைத் தவிர வேறொன்றும் தராத அந்த மரத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டால் இரு தரப்பும் பிழைக்கும். மூதாட்டி சொன்னதும் இதுதானே? காட்டை வெறுமையாக்குவது அவளுடைய தலைச்சுமையன்று. லாரி லாரியாக ஏற்றிச் செல்லும் வியாபாரமே.

எல்லா இடத்திலும் பட்ட மரம் நிற்கலாம் என்று நாம் சொல்லவில்லை. சாலையோரத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் நின்றால் ஆபத்து. தென்னந்தோப்பில் மட்கும் அடிமரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு மற்றத் தென்னைகளைக் கெடுக்கும். அதை அகற்றத்தான் வேண்டும். காட்டிலும் தீத்தடுப்புப் பாதையைச் சுத்தமாக வைப்பது அவசியம்.

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னைக்கருகே கரையேறி, திருவள்ளூர் ஜில்லாவிலும் கணக்கற்ற மரங்களைச் சாய்த்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். அத்தகைய புயல் இனியும் வரும். அப்போது தெருவைச் சுத்தம் செய்வோம்; காட்டில் விழுந்ததைக் காட்டுக்கே விடுவோம். தொழிற்சாலைகள் தங்கள் எல்லையில் வளர்க்கும் மரங்களில் ஒன்று பட்டால், ஆள் நடமாட்டமில்லாத மூலையானால், கிளைகளைக் கழித்து நடுமரத்தை மட்டும் நிற்க விடலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை; கோடரியைக் கீழே வைத்தால் போதும்.

மாலையில் திரும்பும்போது அந்த வேம்பை மறுபடி பார்த்தோம். பொந்தின் வாயில் இரண்டு உருண்டைக் கண்கள் தெரிந்தன. தொலைவில் ஆலைச் சங்கு ஊதிற்று. மூதாட்டி சுள்ளிக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தாள். ஆந்தை பொந்தை விட்டு வெளியே வந்து, வயற்பக்கம் பறந்தது.