பிக்சல் நீட்சி விளைவு

பிக்சல் நீட்சி விளைவு என்பது ஒளிப்படத்தின் ஒரேயொரு வரிசைப் பிக்சல்களை (படவணுக்களை) ஒரு திசையில் இழுத்து வண்ணக் கோடுகளாக்கும் படத்தொகுப்பு நுட்பம் ஆகும். நடனக் கலைஞர், விளையாட்டு வீரர் ஆகியோரின் படங்களில், உடையின் நிறங்களே பின்னால் வழிந்தோடுவது போன்ற தோற்றத்தை இது தருகிறது.

செயற்படும் விதம்

1080 பிக்சல் உயரமுள்ள படத்தின் ஒரு நெடுவரிசையில் 1080 பிக்சல்களே உள்ளன. அதை 800 பிக்சல் அகலத்துக்கு நீட்டினால் 8,64,000 பிக்சல்கள் நிரம்பும். ஆனால் ஒவ்வொரு கிடைவரிசையிலும் ஒரே நிறமே திரும்பத் திரும்ப வரும். வழக்கமாகப் படத்தைப் பெரிதாக்கும்போது, அடுத்தடுத்த பிக்சல்களுக்கு இடைப்பட்ட நிறங்களை மென்பொருள் கணித்து நிரப்புவதால் படம் மங்குகிறது. இங்கு அகலவாக்கில் வேறுபாடே இல்லாததால் கோடுகள் தெளிவாக அமைகின்றன. பத்துப் பிக்சல் அகலத்தை எடுத்து நீட்டினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும்.

போட்டோஷாப்பில் செய்முறை

1. உருவத்தை மட்டும் தெரிவுசெய்து, கண்ட்ரோல், ஜே விசைகளை அழுத்திப் புதிய அடுக்கில் படியெடுக்கவும். மூலப்பட அடுக்கை மாற்றாமல் வைத்திருக்கவும்.
2. உருவ அடுக்கில் இருந்தபடி, மார்க்கீ கருவிகளுள் ஒற்றை நெடுவரிசைக் கருவியால் உருவத்தின்மீது சொடுக்கவும்.
3. மீண்டும் கண்ட்ரோல், ஜே அழுத்தினால் அந்த நெடுவரிசை தனி அடுக்காகும்.
4. கண்ட்ரோல், டி அழுத்தி, பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கவும். உயரமும் சேர்ந்து மாறினால் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுக்கவும்.
5. கோட்டு அடுக்கை உருவ அடுக்குக்குக் கீழே நகர்த்தவும்.

நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கும் இடமே விளைவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பல நிறங்களைக் கடந்து செல்லும் இடம் ஏற்றது. வெட்டியெடுத்த அடுக்கிலிருந்து எடுக்காமல் முழுப்படத்திலிருந்து எடுத்தால் வானம், சுவர் முதலிய பின்னணி நிறங்களும் கோடுகளாகிவிடும். கோடுகள் உடலிலிருந்து புறப்படும் தோற்றம் கெட்டுவிடும்.

வளைவு வடிவங்கள்

நீட்டிய கோடுகளை வார்ப் வசதியால் துணிபோல் வளைக்கலாம். சதுரப் படத்தில் போலார் கோஆர்டினேட்ஸ் வடிகட்டியைப் பயன்படுத்தினால், படத்தின் முழு அகலத்துக்கும் நீட்டிய கிடைக்கோடுகள் ஒரே மையமுள்ள வட்டங்களாகும். செங்குத்துக் கோடுகள் மையத்திலிருந்து விரியும் கதிர்களாகும்.

கிம்ப் மென்பொருளில்

கட்டற்ற மென்பொருளான கிம்ப்பில், செவ்வகத் தெரிவுக் கருவியின் அகலத்தை 1 பிக்சல் எனக் குறித்து நெடுவரிசையைப் படியெடுத்து, அளவு மாற்றும் கருவியால் நீட்டலாம்.

தொடர்புடைய நுட்பம்

ஸ்லிட் ஸ்கேன் எனப்படும் பழைய ஒளிப்பட நுட்பமும் இதைப் போன்ற கோடுகளைத் தரும். 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்தின் விண்வெளிப் பயணக் காட்சிக்கு டக்ளஸ் டிரம்புல் அதனைப் பயன்படுத்தினார். அதில் குறுகிய பிளவின் வழியே அடுத்தடுத்த கணங்கள் பதிவாகின்றன; பிக்சல் நீட்சியிலோ ஒரே கணத்தின் ஒரு வரிசையே நீள்கிறது.