உடைந்த பிறகு வேலைக்கு வரும் புரதம்

முகச் சுருக்கம் போகும் என்று விற்கும் பொடிகளின் தயவில், கொலாஜன் என்ற பெயர் இன்று பலருக்கும் தெரியும். தோலையும் எலும்பையும் தாங்கிப் பிடிக்கும் புரதம் அது. ரத்தக் குழாயின் உட்சுவரில் ஓடு பாவியதுபோல் ஒரே அடுக்காகச் செல்கள் இருக்கின்றன. அவற்றின் அடியில் பாய் விரித்ததுபோல் கிடக்கும் மெல்லிய சவ்வும் பெரும்பாலும் கொலாஜன்தான்.

பெரியவர்கள் உடலில் இந்த உள்ளுறைச் செல்கள் அநேகமாகப் பெருகாமல் சும்மா இருக்கும். காயம் பட்டாலோ, புற்றுக்கட்டி தூது அனுப்பினாலோ விழித்துக்கொண்டு, பாயைக் கிழித்து வெளியேறிப் புதுக் குழாய் போடும். அந்தக் குழாய் வராவிட்டால் கட்டி சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும் என்று பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதினார். பலர் நம்பவில்லை.

1997-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் ஓ'ரைலி, இந்தச் செல்களின் பெருக்கத்தை அடக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். எண்டோஸ்டாட்டின் என்று பெயர் வைத்தார்கள். அதன் அமினோ அமில வரிசையைப் படித்தால், 18-ஆம் வகைக் கொலாஜனின் வால்முனை! எலாஸ்டேஸ், கதெப்சின் போன்ற நொதிகள் நறுக்கிவிட்டால்தான் அந்த வால் தனியாக நடமாடும். பாயைக் கிழிப்பதும் இத்தகைய நொதிகள்தான். ஆக, கிழிசலிலிருந்தே தடை உத்தரவும் பிறக்கிறது. 4-ஆம் வகைக் கொலாஜனிலிருந்து வரும் டம்ஸ்டாட்டின் இன்னும் கடுமை: செல்லின் மேலிருக்கும் இன்டெக்ரின் என்ற கொக்கியைப் பற்றி, உள்ளே புரத உற்பத்தியையே முடக்கிவிடும்.

எண்டோஸ்டாட்டின் கொடுத்த எலிகளில் கட்டிகள் சுருங்கின. 1998 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட, புற்றுநோய் ஒழிந்தே போனதுபோல் ஆரவாரம். மனிதர்களிடம் பலன் சொற்பம். சீனா மட்டும் 2005-இல் எண்டோஸ்டாட்டினின் மாற்று வடிவம் ஒன்றை நுரையீரல் புற்றுக்கு அனுமதித்தது. (கொலாஜன் பொடியைக் கரைத்துக் குடித்து இதைப் பெறலாம் என்று எண்ண வேண்டாம். வயிறும் குடலும் சேர்ந்து அதைத் தூள்தூளாக்கிவிடும்.)

எண்டோஸ்டாட்டினைத் தரும் 18-ஆம் வகைக் கொலாஜனுக்கான மரபணு இருப்பது 21-ஆம் குரோமோசோமில். டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு அது மூன்று பிரதி. அவர்கள் ரத்தத்தில் எண்டோஸ்டாட்டின் அதிகம். திடக்கட்டிப் புற்றுகளோ அரிது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.