பந்தல் ஒலிப்பெட்டிக்கும் சுருதி உண்டு

தைப்பூசத்திற்கு முதல் நாள், பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலையை நோக்கி வருகின்றது. 2017-ஆம் ஆண்டில் தங்க இரதமும் முதன்முறையாக வீதியுலா வந்தது. வழிநெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்களில் பக்திப் பாடல்கள் முழங்க, மிகுதியாகப் பாடுபடுவது ‘சப்வூஃபர்’ எனும் அடியொலிப் பெட்டியே. காவடிகள் வரும் வேளையில் அதன் கூம்பு கிழிந்துவிட்டால், பந்தல் பொலிவிழக்கும். உபயதாரரின் பொருளும் வீணாகும்.

மிதமிஞ்சிய சத்தமே காரணம் என்பர். அது பாதி உண்மை. செவிக்கு எட்டாத அதிர்வே மறுபாதி. ஒலிவாங்கியில் மோதும் காற்றும் மேடைப் பலகையில் விழும் காலடியும் 20 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வுகளை எழுப்பிக் கூம்பை வீணே அலைக்கழிக்கின்றன.

குடத்தின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட ஓசை பிறக்கும் அல்லவா? காற்றுத்துளை உள்ள ஒலிப்பெட்டிக்கும் அவ்வாறே ஒரு சுருதி உண்டு. அச்சுருதியில் உள்ளிருக்கும் காற்றே கூம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் அப்பிடி தளர்ந்து, கூம்பு கட்டின்றி ஆடத் தொடங்கும். இவ்வதிர்வுகளைத் தடுப்பதே ‘சப்சானிக் ஃபில்டர்’ என்னும் வடிகட்டி.

அதனைக் காதால் கேட்டு அமைப்பது தவறு. கண்ணால் பார்த்தே அமைத்தல் வேண்டும். மெல்லிய ஒலியளவில் 60 ஹெர்ட்ஸ் தொனியைத் தந்து, படிப்படியாகக் குறைத்து வருக. ஓரிடத்தில் கூம்பு ஏறக்குறைய அசைவற்று நிற்க, துளையில் காற்று பலமாக வீசும். அதுவே பெட்டியின் சுருதி. அது 40 ஹெர்ட்ஸ் எனில், வடிகட்டியைச் சற்றுக் கீழே, 35 அளவில் வைக்கலாம். சரிவு, ஆக்டேவுக்கு 24 டெசிபெல் இருப்பது நன்று. துளையற்ற மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றே சுருள்வில்லாகத் தாங்குவதால், 20 ஹெர்ட்ஸ் அளவே போதும்.

வாடகைக்கு எடுத்த பெட்டிகளைக் கலந்து அடுக்குவோர் ஒன்றைக் கவனித்தல் நலம். ஒரே பெருக்கியில் இணைந்தவற்றுள் எதன் சுருதி மிக உயர்ந்ததோ, அதற்கேற்பவே வடிகட்டியை அமைக்க வேண்டும்.

இதனால் பாட்டின் சுவை குன்றுமோ என அஞ்ச வேண்டியதில்லை. பாடகரின் குரலும் நாதஸ்வரமும் 40 ஹெர்ட்ஸுக்கு வெகு மேலேயே ஒலிப்பவை. ஆயினும் பெருக்கியை எல்லை மீறி முறுக்கினால் கம்பிச்சுருள் சூடேறிக் கருகுவதை எந்த வடிகட்டியும் தடுக்காது.