ஒளிந்து வாழத் தேவையில்லாத ஊர்

உலகப் போர்க்காலத்தில் யூதக் குடும்பங்களின் அன்றாடம்: ஆம்ஸ்டர்டாமின் ரகசிய அறைகளும் புனே கேம்ப்பின் சிவப்புக் கோபுரமும்

புனேயில் 'கேம்ப்' என்று அழைக்கப்படும் வட்டாரத்தில் மொலெதினா ரோட்டுப் பக்கம் போகிறவர்கள் அந்தச் சிவப்புக் கோபுரத்தைப் பார்க்காமல் தாண்ட முடியாது. 90 அடி உயரம், உச்சியில் கடிகாரம். ஊருக்குப் புதியவர்கள் மாதாகோயில் என்றுதான் நினைப்பார்கள். உள்ளூர் மக்களுக்கு அது 'லால் தேவுல்', சிவப்புக் கோயில். உண்மையில் அது ஓஹேல் டேவிட் என்ற யூத ஜெப ஆலயம். 1863-ல் தொடங்கி 1867-ல் கட்டி முடித்தார்கள்.

1942 ஜூலை 6 அன்று ஆம்ஸ்டர்டாமில், யூதரான ஓட்டோ ஃபிராங்க் நாஜிகளுக்குத் தப்ப, தன் மனைவி, இரண்டு மகள்களோடு, தன் நிறுவனக் கட்டடத்தின் பின்பகுதியில் போய் ஒளிந்தார். அங்கே தங்கியவர்கள் மொத்தம் எட்டுப் பேர். கீழே கிடங்கில் ஆட்கள் வேலை செய்யும் நேரமெல்லாம் காலணி போடக்கூடாது, கழிவறையில் தண்ணீர் விடக்கூடாது, இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். பகலில் சன்னல் திரையை விலக்க முடியாது. மியெப் கீஸ் போன்ற அலுவலக ஊழியர்கள் ரேஷன் கூப்பன் தேடிப்பிடித்து, காய்கறி வாங்கி, யாருக்கும் சந்தேகம் வராதபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்படி இரண்டு ஆண்டுக்கும் மேல் கழிந்தது. 1944 ஆகஸ்ட் 4-ல் பிடிபட்டார்கள். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஓட்டோ மட்டும். ஒளிந்திருந்த நாட்களைப் பற்றி மகள் ஆன் எழுதிய நாட்குறிப்பை உலகமே படித்தது.

அதே ஆண்டுகளில் கேம்ப் யூதர்கள் சனிக்கிழமை காலையில் பட்டப்பகலில் வீதியோடு நடந்து ஜெப ஆலயம் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்து ராஸ்தா பேட்டில் 1921-ல் கட்டிய சுக்காத் ஷெலோமோ ஆலயத்தில், மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் யூதர்கள் கூடினார்கள். அவலும் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் பழமும் கலந்து, தீர்க்கதரிசி எலியாவை நினைத்து 'மலிதா' படைப்பது அவர்கள் வழக்கம். அதைச் செய்யக் கதவைச் சாத்த வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

தப்பி வந்தவர் கட்டிய கோயில்

ஓஹேல் டேவிட்டைக் கட்டிய டேவிட் சசூனும் துரத்தப்பட்டு வந்தவர்தான். பாக்தாத்தை ஆண்ட தாவூத் பாஷாவின் கெடுபிடிக்குத் தப்பி, பாரசீக வளைகுடாவின் புஷேர் துறைமுகம் வழியாக 1830-களின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டினார். புனேயின் சசூன் மருத்துவமனை இன்றும் அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1864-ல் இறந்த அவருடைய கல்லறை இந்த ஆலய வளாகத்திலேயே இருக்கிறது.

அவர் விட்டு வந்த பாக்தாத்தில் 1941 ஜூன் 1, 2 தேதிகளில் யூதர் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. சுமார் 180 பேர் கொல்லப்பட்டார்கள். பல குடும்பங்கள் உயிர் பிழைத்தது முஸ்லிம் அண்டை வீட்டாரின் தயவால். தங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்து, கும்பலை வாசலில் மறித்து நின்றவர்கள் அவர்கள். கேம்ப் ஆலயத்தில் தொழுத பாக்தாதி யூதர்களுக்கு இது அந்நியச் செய்தி அல்ல, சொந்த ஊர்ச் சேதி.

ஒரு கையெழுத்து

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். வேலை உறுதிக் கடிதமோ, பிழைப்புக்கு ஒருவர் பொறுப்பேற்கும் கடிதமோ இல்லாதவர்களுக்கு விசா கிடைப்பது அரிது. பம்பாயில் 1934-ல் தொடங்கிய யூத நிவாரண சங்கம் பலருக்கு அந்தப் பொறுப்பை ஏற்றுக் கையெழுத்துப் போட்டது. வந்தவர்களில் மருத்துவர்கள், ஓவியர்கள், இசைக்கலைஞர்கள் இருந்தார்கள். ஆல் இந்தியா ரேடியோவின் முகப்பு இசையை அமைத்த வால்டர் காஃப்மன் 1934-ல் பம்பாய் வந்தவர்.

நம் ஊர் உறவும் ஒன்று உண்டு. 'இந்தியா' என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்திய மண்டயம் குடும்பத்தில் பிறந்த புரட்சிக்காரர் எம்.பி.டி. ஆச்சார்யா. அவர் மனைவி மக்தா நாக்மன், யூதத் தந்தைக்கு ரஷ்யாவில் பிறந்த ஓவியர். நாஜிகளின் பெர்லினில் இனி இருக்க முடியாது என்று இருவரும் 1930-களின் நடுவில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார்கள்.

புரந்தர் கோட்டையில்

உயிர் தப்பியதோடு சோதனை முடியவில்லை. 1939 செப்டம்பர் 3 அன்று போர் மூண்டதும், ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்த ஆண்களை 'எதிரி நாட்டவர்' என்று பிரிட்டிஷ் அரசு வளைத்துப் பிடித்தது. அதில் யூதர்களும் அகப்பட்டார்கள். பாஸ்போர்ட்டில் யூதர் என்பதற்கு 'ஜே' முத்திரை குத்தி நாஜிகள் விரட்டியவர்களும், நாஜிக் கட்சிக்காரர்களும் அகமத்நகரில் ஒரே முகாமுக்குள். விசாரணைக்குப் பின் பெரும்பாலான யூதர்கள் விடுதலையானார்கள். 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்ததும் பலரை மறுபடி பிடித்தார்கள். குடும்பங்களைச் சாத்தாராவிலும் புரந்தரிலும் வைத்தார்கள். புரந்தர், மராட்டிய மன்னர் சம்பாஜி பிறந்த கோட்டை. புனேக்குத் தென்கிழக்கே 4,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் நினைத்த இடத்துக்குப் போக அனுமதியும் இல்லை.

போரில் எதிரெதிர் நாடுகளில் சிக்கியவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம்தான் தபால். 25 சொற்களுக்கு மேல் எழுத முடியாது. ஜெனீவா வழியாகப் போய்ப் பதில் வர மாதக்கணக்காகும். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதினாலே அந்த 25-ல் கொஞ்சம் போய்விடும். 1941 அக்டோபரில் ஜெர்மனியிலிருந்து யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே அனுப்பத் தொடங்கினார்கள். அதன்பின் எத்தனையோ பேருக்குப் பதிலே வரவில்லை.

அதே போரில் பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பங்களைக் கண்ட தமிழ்நாட்டுக்கும், 1983 முதல் ஈழத்தமிழருக்கு முகாம் நடத்தும் தமிழ்நாட்டுக்கும் இந்தக் காத்திருப்பு புரியும்.

விசாவுக்கும் அலமாரிக்கும் நடுவே

ஓட்டோ ஃபிராங்க் முதலில், ஒளிவிடத்தின் வாசலை மறைத்த புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் போகவில்லை. அமெரிக்க விசாவுக்குத்தான் போனார். 1938-ல் மனுப் போட்டார். 1940 மே மாதம் ராட்டர்டாம் குண்டுவீச்சில் அங்கிருந்த தூதரகக் காகிதங்கள் எரிந்துபோயின. 1941-ல் மறுபடி முயன்றார். அதுவும் பலிக்கவில்லை. 1942 ஜூலை 5-ல் மூத்த மகள் மார்கோட்டுக்கு 'வேலை முகாமுக்கு வா' என்று அழைப்பாணை வந்தது. மறுநாளே ஒளிந்தார்கள்.

எனவே, ஒளிந்து வாழ்ந்தவர்களின் துணிச்சலைப் போற்றும்போது, அவர்களை ஒளியவைத்த தூதரகக் கோப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். கேம்ப்பின் வீதியில் நடந்தவர்களும் ஆம்ஸ்டர்டாமில் மூச்சை அடக்கியவர்களும் ஒரே மக்கள்தான். ஒரு பக்கத்தினருக்கு நுழைய இடம் கிடைத்தது, மறுபக்கத்தினருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அடைக்கலம் தருவதில் நமக்குப் பழைய பெருமை உண்டு. ஆனால் அந்த அடைக்கலம் ஓர் அதிகாரியின் மனசையோ ஒரு செல்வந்தரின் கையெழுத்தையோ நம்பி நிற்கக்கூடாது. உயிருக்குத் தப்பி வருகிறவருக்கு உள்ளே வர உரிமை உண்டு என்று சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். லால் தேவுலின் வரலாறு நம்மிடம் கேட்பது அதைத்தான்.