உங்களுக்குத் தெரியுமா? வலிக்காத பாம்புக்கடியும் உயிரெடுக்கும்

தாமிரபரணிப் பாசன வயல்களில் பாம்பு கடித்தால், வலிக்கிறதா, வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. கட்டுவிரியன் கடியில் பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். சில மணி நேரத்தில் வயிறு வலிக்கும், இமை சொருகும், மூச்சுத் தசைகள் செயலிழக்கும். பச்சிலையில் பிழைத்தவர்கள் இல்லையா என்பார்கள். உண்டுதான். ஆனால் பெரும்பாலான பாம்புகளுக்கு விஷமில்லை. விஷப்பாம்பும் சிலநேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். எந்தக் கடி எப்படிப்பட்டது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாததுதான் ஆபத்து. பாம்பை அடித்துத் தூக்கிப்போக வேண்டியதும் இல்லை: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்துக்கும் முறிவு மருந்து ஒன்றே. கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள்: கண்ணாடிவிரியன் விஷம் ஏறியிருந்தால், கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்த ரத்தம் உறையாமலே நிற்கும்.